என்ஜினீயருக்குச் சாம்பிராணி போட்டவர்கள்

கூழாங்குறிச்சித் தெருக்குழாய்ச் சங்கத்தில் நான்கே பேர். துரைக்கண்ணு தலைவர், செம்பகராமன் செயலாளர். இருளப்பனுக்கும் வீரபத்திரனுக்கும் பதவி கிடையாது. அதனால் யோசிக்கிற வேலை அவர்களுடையது.

மோட்டார் பழுதாகி மூன்று மாதமாக ஊர்க் குழாயில் காற்றுதான் வந்தது. "மனு மேல மனு போடுங்க, அப்பதான் நடக்கும்" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். போட்டார்கள். ஒரு மனுவின் மேல் இன்னொன்றைப் பசை தடவி ஒட்டிக்கொண்டே போய், நாற்பதாவதில் அது தலையணை கனத்துக்கு வந்ததும், குடிநீர் என்ஜினீயர் சபாபதிக்குப் பார்சலில் அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. அவர்களுடைய மனு என்ஜினீயரை 'இன்சென்ஸ்' செய்துவிட்டதாம்.

செம்பகராமன் அகராதியைப் புரட்டினார்.

"சாம்பிராணி," என்றார்.

"ஏன் திட்டுறீங்க?" என்றார் இருளப்பன்.

"உங்களை இல்லய்யா. வார்த்தைக்கு அர்த்தமே அதுதான்."

"கீழே ரெண்டாவதா ஒரு அர்த்தம் இருக்கே?" என்றார் வீரபத்திரன்.

"ஒரு வார்த்தைக்கு ஒண்ணு போதும். நமக்கெதுக்குப் பேராசை?" என்று செயலாளர் அகராதியை மூடிவிட்டார்.

தலைவருக்குக் கண் கலங்கியது. "நம்ம மனு அவருக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி இருந்திருக்கு. பசை அவ்வளவு நல்ல பசை."

இவ்வளவு பெரிய மனிதருக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா? அன்றைக்கே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார்கள். "ஐயா, தங்களை இன்சென்ஸ் செய்ததில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. இது போதாது. வெள்ளிக்கிழமை நால்வரும் நேரில் வந்து மறுபடி இன்சென்ஸ் செய்வோம். தங்கள் மனைவி மக்களையும் விடமாட்டோம்."

வெள்ளிக்கிழமை அலுவலக வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். வரவேற்பு பலம்தான் என்று நால்வரும் கும்பிட்டார்கள்.

"கையில ஆயுதம் இருக்கா?"

"ஐயையோ, சாம்பிராணிதாங்க."

தூபக்காலை முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார்கள். அறைக் கதவைச் சாத்தி, நால்வரும் பயபக்தியோடு விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ஜினீயரைக் காணோம், இருமல் மட்டும் கேட்டது. புகை விலகியபோது அவர் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"யாருய்யா நீங்க! வெளியே போங்கய்யா!"

பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்த கிளார்க் தங்கபுஷ்பம் ஓடிவந்தார். "அடக் கடவுளே! அந்த வார்த்தைக்கு ஒருத்தருக்குக் கடுங்கோபம் மூட்டுறதுன்னும் அர்த்தம் உண்டுங்க! இப்போ சாருக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. முதல்ல அதை இறக்குங்க. அப்புறம் மோட்டார் பத்திப் பேசலாம்."

சங்கம் அங்கேயே கூடியது.

"கோபம் மேல் பக்கம்தான் ஏறும்," என்றார் இருளப்பன். "சாரைத் தலைகீழா நிறுத்தினா தலையை விட்டுக் காலுக்குப் போயிடும்."

"காலுக்குப் போனா உதைப்பாரே?" என்றார் வீரபத்திரன்.

எல்லோரும் என்ஜினீயரின் பூட்ஸைப் பார்த்தார்கள். நியாயமான கவலைதான்.

"படுக்க வெச்சா?" என்றார் தலைவர் மெதுவாக.

"எங்கேயும் ஏற வழியில்லை. நடுவுலயே நின்னுடும்," என்றார் இருளப்பன்.

ஆளுக்கொரு கை, கால் என்று பிடித்து மேசை மேல் கிடத்தினார்கள். சபாபதி கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வறண்ட குரலில் கேட்டார்: "மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்டா போயிடுவீங்களா?"

"உடனே போயிடுவோம் சார்."

படுத்தபடியே போட்டார். வீரபத்திரன் அவரை எழுப்பிவிடக் கை கொடுத்தார். தலைவர் தடுத்துவிட்டார்.

"எழுந்தா மறுபடி ஏறிடும். மோட்டார் வந்து சேருற வரைக்கும் சார் இப்படியே இருக்கட்டும்."

வாசல் வரை போன செம்பகராமன் மட்டும் மனசு கேட்காமல் திரும்பி வந்து தங்கபுஷ்பத்திடம் சொன்னார்: "அப்பப்போ சாரைப் புரட்டி விடுங்கம்மா. கோபம் ஒரே பக்கமாத் தங்கிடப் போகுது."