வாய் திறக்காத நான்காவது கணினி

குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. திருநெல்வேலியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்துவந்த ஜெசிந்தாவிடம், இயற்பியல் ஆசிரியராக ஓய்வுபெற்ற கையோடு வந்து சேர்ந்தவர் நல்லபெருமாள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் நிரல் ஒன்றை அவர் எழுதியிருந்தார். வீட்டில், அவருடைய கணினியில் அது கணீரென்று வாசித்தது. மூன்று பள்ளிகளில் கொண்டுபோய்ப் போட்டார். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் யாரோ தானமாகக் கொடுத்த மேக். மூன்றுமே வாய் திறக்கவில்லை. ஆறு நாளில் பரீட்சை. பிள்ளைகள் இதை நம்பித்தான் இருந்தார்கள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

“என் கணினியில நல்லா ஓடுது டீச்சர். இந்த மூணுல எதுல கோளாறு?”

“பூட்டுக் கோப்பு எங்க அண்ணாச்சி?”

ஒரு நிரலுக்குத் துணை நிற்கும் மென்பொருள் பொதிகள் எவை, ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு என்று அச்சுப் பிசகாமல் குறித்துவைக்கும் கோப்பு அது.

“அதுவா? விண்டோஸ்ல ஒண்ணு சொல்லுது, மேக்ல வேற ஒண்ணு சொல்லுது. சண்டை வந்தா அழிச்சிருவேன். அதுவா புதுசா எழுதிக்கிடும்.”

ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

“உங்க கணினியில உள்ளதை எல்லாம் துடைச்சிருவோமா?”

நல்லபெருமாள் மடிக்கணினியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“நிரல் வேற இடத்துல பத்திரமா இருக்குல்லா?”

“இருக்கு.”

“அதுக்குத் தேவையானதைப் பட்டியல் எழுதி வச்சிருக்கீங்கல்லா?”

“பத்தொன்பது இருக்கு.”

“பெறவு என்ன பயம்?”

எதற்குப் பயம் என்று அவருக்கே விளங்கவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது. பார்த்துவிடுவோம் என்று ஒரு வேகத்தில் தானே துடைத்தார். இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டார். பட்டியலைப் பார்த்துப் பத்தொன்பதையும் ஏற்றினார். வேதியியல் புத்தகத்தைத் திறந்தார். சத்தமே இல்லை.

“டீச்சர், இதுவும் பேசலை.”

“நல்லதாப் போச்சு. இப்பதான் நாலும் ஒண்ணு போல இருக்கு. எது விட்டுப்போச்சுன்னு இனிமே தேடுங்க.”

இரண்டு நாள் தேடினார். முதல் நாள் வீம்புக்கு, இரண்டாம் நாள் ஆசையாகவே. கடைசியில் அகப்பட்டது. எப்போதோ, சவரம் செய்யும்போது செய்தித்தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்க, தமிழ்க் குரல் ஒன்றை இறக்கியிருந்தார். பட்டியலில் அதை எழுதவே இல்லை. அவர் மறந்துபோன அந்தக் குரலில்தான் நிரல் இத்தனை நாள் பேசியிருக்கிறது.

இருபதாவதாக அதை எழுதினார். எல்லாவற்றுக்கும் எதிரே பதிப்பு எண்ணைக் குறித்தார். மூன்று இயங்குதளத்துக்கும் சேர்த்து ஒரே பூட்டுக் கோப்பு போட்டார். அதை அழிக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று பள்ளிகளிலும் கணினி வாசித்தது. மேக் இருந்த பள்ளியில் ஒரு பெண் பாடம் முழுவதையும் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் வேகமா வாசிக்கச் சொல்லுங்க சார்” என்றாள். அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் குருவிடம் குறைபட்டுக்கொண்டார்.

“குரல் விட்டுப்போச்சுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். ரெண்டு நாள் மிச்சமாயிருக்கும்.”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? அது உங்க கணினிக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். பேசிக்கிட்டு இருந்த வரைக்கும் அது சொல்லவே இல்லையே.”