குருவிப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை

ஒரு குருவிப் பெட்டியை மாட்டுவதற்குள் தருமராசன் தோட்டத்தையே ரெண்டு பண்ணிவிட்டார். கொய்யா மரத்தில் கட்டினார். பூனை ஏறும் என்று அவிழ்த்தார். மேற்குச் சுவரில் அடித்தார். மத்தியான வெயில் என்று பிடுங்கினார். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் எஞ்சினியராக இருந்த மனுஷன், அளக்காமல் ஒரு ஆணி அடிப்பாரா? கடைசியில் கிழக்குச் சுவரில், கூரை நிழலில், பெட்டி நின்றது.

இத்தனை பாடும் மனைவி கோதைநாயகிக்காகத்தான். அவள் கோபித்துக்கொண்டு தாராபுரத்து அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு மாசம். அவளுக்குக் குருவி என்றால் உயிர். குருவி குடிவந்த சேதியைச் சொன்னால் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு ஜோடி வரத்தான் செய்தது. ஆனால் நாலே நாளில் அவர் மங்களேஸ்வரி அம்மாவிடம் போய் நின்றார். ஊர் ஓரத்தில் தியான மடம் நடத்துகிறவர் அந்த அம்மா. அவரைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் தருமராசனுக்கு அவர்தான் ஆசிரியை.

"பெட்டியை எங்கம்மா மாத்தி வைக்கிறது? அந்த இடம் அதுகளுக்குப் பிடிக்கலை."

"எப்படித் தெரியும்?"

"நீங்களே வந்து பாருங்க!"

அம்மா வந்தார். சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. பெண் குருவி தேங்காய் நாரைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது.

"பாத்தீங்களா கொழுப்பை! சுத்தமான இலவம்பஞ்சும்மா. நானே கொட்டை எடுத்து மெத்தை போட்டு வச்சேன். அதை வெளிய தள்ளிட்டுக் குப்பையைக் கொண்டாந்து அடைக்குதுங்க. நானும் தினம் குப்பையை அள்ளிப் போட்டுட்டுப் பஞ்சை வைக்கிறேன். உயிரை வாங்குது!"

சொல்லிக்கொண்டே ஏணிப் பக்கம் போனார். அம்மா முந்திக்கொண்டு போய் அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கம்மா, நான் ஏறணும்."

அம்மா அசையவில்லை. ஆண் குருவி ஒரு கிழிசல் துணியோடு வந்து உள்ளே போனது. தருமராசன் தலையில் அடித்துக்கொண்டார்.

"உள்ள என்ன குறை? நீங்களே சொல்லுங்க. கோதையும் இப்படித்தான். வீட்டை அப்படி வச்சிருந்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம். என்ன குறைன்னு கேட்டா, பதில் சொல்லாம பையைத் தூக்கிட்டுப் போயிட்டா."

அம்மாவுக்கும் சலித்துவிட்டது. "எஞ்சினியரே, கல்யாணமாகி வரும்போது அவங்க என்ன கொண்டுவந்தாங்க?"

"அது எதுக்கு இப்ப? ஒரு தையல் மெஷின். அவங்க அம்மாவோடது. ஓட்டை மெஷின், மிதிச்சா வீடே அதிரும்."

"இப்ப எங்க இருக்கு?"

"பரண் மேல. நான்தான் தூக்கி வச்சேன்."

அம்மா ஏணியை விட்டு எழுந்தார்.

"அப்ப இந்த ஏணி அங்க வேணும். தூக்கிட்டுப் போங்க."