மாதா சூடிய கறுப்பு நூல்

திருப்பூர் நகரத்தின் ஓரத்தில், சாயப்பட்டறைகளைத் தாண்டினால், வேலங்குட்டை என்றொரு பகுதி உண்டு. அங்கே அடைக்கல மாதா கோயிலுக்குப் பின்புறமுள்ள லைன் வீடுகளில் கடைசி வீட்டில் ஓபியகேலி என்னும் அம்மையார் தம் இரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தார். தைத்து முடித்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சிறிய கத்தரியால் வெட்டியெடுப்பது அவர் பிழைப்பு. கம்பெனியில் வேறெந்த வேலையும் தெரியாதவர்களுக்கென்று இருக்கும் வேலை அது. காலையில் குனிந்தவர் மாலையில் நிமிரும்போது புருவத்திலும் உதட்டிலும் பஞ்சு படிந்திருக்கும். அதைத் துடைக்கவும் தோன்றாமல் நேரே கோயிலுக்கு நடப்பார்.

கோயிலில் அவர் செய்த தொண்டு ஒன்றே ஒன்று. நூல் கோன்களின் அடியில் மிஞ்சும் வெள்ளை நூலைக் காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கி, திரி செய்து, மாதாவின் கண்ணாடிப் பேழைக்கு முன் தொங்கும் விளக்கை ஏற்றுவார். அந்தத் திரியைச் செய்யும் முறை ஊரில் யாருக்கும் தெரியாதது. அவர் பிறந்த நைஜீரியாவில், இக்போ மக்களிடையே, தாய்மார்கள் பெண்பிள்ளைகளின் தலைமுடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனிவரை கறுப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றி, நுனியில் முடிச்சிட்டு விடுவார்கள். தம் மகள் ஒலுச்சியின் முடியை அம்மையார் வாரந்தோறும் அப்படித்தான் சுற்றிவிடுவார். அந்தக் கைப்பழக்கத்திலேயே திரியையும் சுற்றினார். மகளின் தலையும் மாதாவின் விளக்கும் அவருக்கு இரண்டாகத் தோன்றவில்லை போலும்.

அவர் இந்த ஊருக்கு வந்தது கணவரோடு. இக்கென்னா என்பது கணவர் பெயர். பனியன் வாங்கி லாகோஸுக்குக் கப்பலேற்றும் வியாபாரம். ஒலுச்சி இங்கேதான் பிறந்தாள். தம்பி கெனேயும் இங்கேதான் பிறந்தான். கெனே நடக்கத் தொடங்கிய மழைக்காலத்தில் இக்கென்னாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் தாங்கவில்லை. இக்போ மக்கள் இறந்தவரைச் சொந்த மண்ணில், சொந்த வீட்டு முற்றத்தில்தான் அடக்கம் செய்வார்கள். வேறிடத்தில் புதைப்பது இறந்தவரைத் தெருவில் விட்டதற்குச் சமம். உடலை விமானத்தில் அனுப்ப அம்மையாருக்கு வழியில்லை. கணவரின் உறவினர்களிடம் தொலைபேசியில் கெஞ்சினார். அவர்கள் சொன்ன பதில், உடலைக் கொண்டுவா, இல்லையென்றால் நீயும் வராதே என்பதுதான். வேலங்குட்டைக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் இக்கென்னாவை அடக்கம் செய்த அன்று, ஊர் திரும்பும் வழியும் அந்தக் குழிக்குள்ளேயே மூடப்பட்டது. திருமணத்தன்று அம்மையாரைத் தோளில் தூக்காத குறையாக வரவேற்ற மனிதர்கள் அதன்பின் ஒருமுறைகூடப் பிள்ளைகளை விசாரிக்கவில்லை.

அந்த நாட்களில் கூட நின்றவர் அமலோற்பவம். மாதாவுக்குச் சேலை உடுத்தும் உரிமை மாமியார் வழியாக அமலோற்பவத்துக்கு வந்திருந்தது. பேழையின் சாவி எப்போதும் அவர் முந்தானையில் தொங்கும். ஞானஸ்நானத்தின்போது ஒலுச்சிக்கு ஞானத்தாயாக நின்றவரும் அவரே. கறுப்பர்களுக்கு வீடு தரமாட்டோம் என்று தெருத்தெருவாகக் கதவுகள் சாத்தப்பட்டபோது, தம் கொழுந்தனிடம் பேசி இந்தக் கடைசி வீட்டை வாடகைக்கு வாங்கிக் கொடுத்தார். “அவ என்ற தங்கச்சிங்க, நான் பொறுப்பு” என்று அவர் சொன்ன சொல்லில்தான் அந்தக் குடும்பத்தின் கூரை நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஓபியகேலி மகளின் முடியைச் சுற்றும்போது அமலோற்பவம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் தாமும் ஒரு கற்றையை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். சுற்றியதும் அவிழ்ந்தது, மறுபடி சுற்ற மறுபடி அவிழ்ந்தது. நுனி முடிச்சு அவர் விரலுக்கு வரவேயில்லை. “என்ற மருமக மனசாட்டம், ஒரு கட்டுக்குள்ள நிக்க மாட்டேங்குது” என்று அவர் சொல்ல, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நிமிர்ந்து நிற்கும் அந்தக் கற்றைகளைப் பார்த்துப் பள்ளியில் பிள்ளைகள் ஒலுச்சியை ஆன்டெனா என்று கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வருவாள். கெனே அழமாட்டான். “எங்கக்கா மண்டைல டவர் நல்லா எடுக்குது. உங்கூட்டுல எடுக்குதாடா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான். அம்மையார் இருவருக்கும் ஒன்றை மட்டும் விடாமல் கற்றுக்கொடுத்தார். பெரியவர்கள் கண்டிக்கும்போது நிமிர்ந்து கண்ணைப் பார்க்கக் கூடாது. தலையைத் தாழ்த்தி, பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கண் பார்ப்பது எதிர்த்து நிற்பது என்று அவரை அவர் தாய் வளர்த்திருந்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் ஊர் இல்லை, உறவு இல்லை. இருந்த ஒழுக்கத்தைக் கொடுத்தார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு மில் முதலாளி மாதாவுக்கு உயர்ந்த பட்டுச்சேலை ஒன்றை நேர்ச்சையாகத் தந்திருந்தார். கொடியேற்றத்துக்கு முந்தின மாலை கரண்ட் போயிருந்தது. ஓபியகேலி மகளோடு வந்து விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது, அமலோற்பவம் அந்தச் சேலையைப் பீடத்தருகே மேசையில் விரித்து, பக்கத்தில் மெழுகுத்திரி கொளுத்திவைத்து மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் போங்கள், நான் பூட்டிக்கொள்கிறேன் என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது சேலையின் நடுவே இரண்டு கை அகலத்துக்குக் கருகிக் கிடந்தது.

மக்கள் கூடிவிட்டார்கள். அமலோற்பவத்துக்குப் பின்னால் மாமியார் காலத்து உரிமை இருந்தது. மில் முதலாளியின் கோபம் முன்னால் இருந்தது. யாரோ விளக்குத் திரியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அப்போது அமலோற்பவம், சாயங்காலம் அந்தப் பிள்ளை இங்கே விளையாடிக்கொண்டிருந்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

பங்குச் சாமியார் வெளியூர்க்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனிதர்தான். ஒலுச்சியை முன்னால் அழைத்து நிறுத்தினார்.

“பயப்படாத பாப்பா. என் கண்ணப் பாத்துச் சொல்லு. நீ திரிய எடுத்து வெளையாண்டியா?”

ஒலுச்சி தலையைத் தாழ்த்தினாள். தாய் கற்றுக்கொடுத்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசாமல் நின்றாள். சாமியார் மறுபடி கேட்டார். அவள் இன்னும் தாழ்ந்தாள். அவ்வளவுதான், கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தப்புப் பண்ணாத பிள்ளை நிமிர்ந்து பார்க்காதா என்றார்கள்.

ஓபியகேலி அம்மையார் முன்னால் வந்தார். கூட்டத்தை அவர் பார்க்கவில்லை. அமலோற்பவத்தை மட்டுமே பார்த்தார்.

“அக்கா, நாங்க போறப்ப நீங்கதானுங்களே மெழுகுத்திரியோட இருந்தீங்க. சாமிகிட்டச் சொல்லுங்க அக்கா.”

அமலோற்பவம் முந்தானைச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கென்னுங்க தெரியும் சாமி? நா அப்பவே ஊட்டுக்குப் போயிட்டனுங்க.”

கணவரின் உறவினர்கள் கைவிட்டபோது நடுவில் ஒரு கடல் இருந்தது. இங்கே நடுவில் இருந்தது ஒரு கருகிய சேலைதான். அம்மையார் மகளின் கையைப் பற்றிக்கொண்டு, பேழைக்குள்ளிருந்த மாதாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

விளக்கை இனி அவர் தொடக்கூடாது என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. அங்கே ஒரு மின்சார பல்பை மாட்டினார்கள். திருவிழா முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்யும்படி அமலோற்பவத்தின் கொழுந்தன் வந்து சொல்லிவிட்டுப் போனார். வேறு வீடு யாரும் தரப்போவதில்லை என்பது அம்மையாருக்குத் தெரியும். வீடு போனால் பள்ளி போகும். பள்ளி போனால் பிள்ளைகளுக்கு இந்த ஊரும் போகும். மூலையில் இருக்கும் அந்தக் கல்லறை மட்டும் எங்கும் வராது.

ஆனாலும் ஒரு மாலைகூட அவர் விளக்கேற்றத் தவறவில்லை. ஒரு கிண்ணத்தில் எண்ணெய் விட்டு, திரி போட்டு, வீட்டு வாசல்படியில் கோயிலைப் பார்த்து ஏற்றினார். தெருவில் போகிறவர்கள், இந்த வீட்டையும் கொளுத்திவிடாதே என்று கேலி பேசினார்கள். அவர் மாதாவிடம் மட்டும் ஒரு வழக்கு வைத்தார். அம்மா, அன்று அங்கே நாங்கள் மூன்று பேர் மட்டுமா இருந்தோம்? நீயும்தானே பார்த்துக்கொண்டு நின்றாய். அக்கா சொல்லமாட்டாள். நீயுமா சொல்லமாட்டாய்? இவ்வளவு கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். பதில் வராது. மறுநாளும் திரி சுற்றுவார்.

ஒருநாள் முடி சுற்றும்போது ஒலுச்சி கேட்டாள்.

“அம்மா, நா நிமிந்து பாத்திருந்தா நம்பியிருப்பாங்களா?”

அம்மையாரின் விரல்கள் நின்றன. நூல் பாதிக் கற்றையில் நின்றது. தாம் கொடுத்த ஒழுக்கமே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது என்பதை அவர் அந்த நாளிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்தார். மீண்டும் சுற்றத் தொடங்கினார்.

“தெரியல கண்ணு. இனிமே யாராச்சும் பாருன்னு சொன்னா, பாரு. நீ பாக்கலாம்.”

தேர்த் திருநாள் வைகறையில் அமலோற்பவம் மாதாவை அலங்கரிக்கத் தனியே சென்றார். பேழையைத் தம் சாவியால் திறந்தார். தேரில் ஏறப்போகும் மாதாவுக்கு வேறொரு புதுச்சேலை காத்திருந்தது. பழைய சேலையைக் களையுமுன், வழக்கம்போல் முக்காட்டை விலக்கினார். மாதாவின் சுரூபத்துக்கு, யாரோ ஒரு தாய் நேர்ந்துகொண்டு கொடுத்த முடியில் செய்த நீண்ட கூந்தல் உண்டு. கொடியேற்றத்தன்று அதைச் சீவி விரித்து முக்காடிட்டவர் அவரே. பேழையைப் பூட்டியவரும் அவரே.

கூந்தல் விரிந்திருக்கவில்லை. சிறு சிறு கற்றைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கற்றையும் அடியிலிருந்து நுனிவரை கறுப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றப்பட்டு, மாதாவின் நெற்றியைச் சுற்றி நிமிர்ந்து நின்றது. நுனிதோறும் ஒரு முடிச்சு இருந்தது. எத்தனையோ ஞாயிறுகளில் தம் விரலுக்கு வராமற்போன அதே முடிச்சு. அமலோற்பவம் ஒரு நூலை மெல்ல இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை.

முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தேர் புறப்படும் நேரமாகியும் அவர் வெளியே வராததால் சாமியாரும் கமிட்டியாரும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மக்கள் வந்தார்கள். மாதாவைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பினார்கள். வேலங்குட்டைப் பெண்பிள்ளைகளில் ஒரே ஒருத்திக்கு மட்டும் இருந்த சிகை அது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அமலோற்பவம் எழுந்து, மெழுகுத்திரியை வைத்தது தாம்தான் என்றும், அணைக்க மறந்து பூட்டியது தாம்தான் என்றும் எல்லோர் முன்னும் சொன்னார். சாவியை அவிழ்த்துப் பீடத்தின் மேல் வைத்தார். யாரையும் பார்க்காமல் கடைசி வீட்டை நோக்கி நடந்தார்.

அங்கே ஓபியகேலி அம்மையார் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒலுச்சி வாசல்படியில் நின்றாள். அமலோற்பவம் அவள் முன்னால் மண்டியிட்டார்.

“கண்ணு, நாந்தான் பொய் சொன்னேன். என்னைய மன்னிச்சன்னு ஒருக்கா என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

ஒலுச்சி திரும்பித் தாயைப் பார்த்தாள். அம்மையார் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிள்ளை மெல்ல நிமிர்ந்து, ஞானத்தாயின் கண்களுக்குள் நேராகப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். தலையைத் தாழ்த்தியது அமலோற்பவம்தான்.

அம்மையார் அழும் அமலோற்பவத்தை எழுப்பிவிட்டார், ஆனால் தங்கை என்று மறுபடி அழைக்கப்பட்டபோது அவர் முகம் மலரவில்லை. அறுந்த இடம் அறுந்ததாகவே இருந்தது. பின்னால் வந்த சாமியாரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: “வெளக்குல எண்ணெ இருக்குதுங்களா சாமி?”

பல்பைக் கழற்றினார்கள். அம்மையார் தாம் சுற்றிய திரியை இட்டு ஏற்றினார். எழுந்த சுடருக்கு அப்பால் மாதாவின் முகத்தைப் பார்த்தபோதுதான், தம் வழக்குக்குச் சாட்சி வந்திருப்பதைக் கண்டார். பஞ்சு படிந்த அவர் புருவங்களுக்குக் கீழே அன்றுதான் முதன்முறையாகக் கண்ணீர் வழிந்தது. மாதா அந்தச் சிகையோடே தேரேறினார். தேர் அந்த வருடம் லைன் வீடுகளின் வழியாகப் போய், கல்லறைத் தோட்டத்து மூலையில் ஒருகணம் நின்று திரும்பியது. வீட்டைக் காலி செய்யும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அயல்மண்ணில் கைவிடப்பட்டும், தாம் ஏந்திய திரியைக் கைவிடாத ஓபியகேலி அம்மையாரின் பஞ்சு படிந்த பாதங்கள் போற்றத்தக்கவை.