முழிக்காமல் தேறிய பூவலிங்கம்

பூவலிங்கத்தை மக்கு என்று சொன்னால் ஊரில் இருக்கிற மக்குகளெல்லாம் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் அவன் தாலாட்டுப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்துவிட்டான். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அவனைக் கேட்டாலும் தெரியாது.

மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு மட்டும்தான். அதில் தேறினால்தான் மகிழ்மலரைக் கட்டித்தருவேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பயலுக்கு அவள்மேல் உயிர்.

தேர்வுக்கு முதல் நாள் அவனுடைய நெறியாளர் தில்லைநாயகி அம்மா கூப்பிட்டுப் புத்தி சொன்னார்.

"வெளியூர்லேர்ந்து வர்ற பேராசிரியர் பொல்லாதவர். உன் ஆய்வேட்டைக் கிழிகிழின்னு கிழிச்சிடுவார், காப்பாத்திக்கோ. அப்புறம், என்ன கேட்டாலும் முழிக்காதே."

இதைக் கேட்டு விடுதி அறைத் தோழர்கள் அய்யாக்கண்ணுவும் சடகோபனும் கொதித்துப்போனார்கள். பாடுபட்டு எழுதினதைக் கிழிக்க அந்த ஆள் யார்? ஆய்வேட்டைத் தார்ப்பாயில் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, மேலே சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினார்கள். அய்யாக்கண்ணு அதைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான். பல்தான் ஆடியது. மூவருக்கும் பரம திருப்தி.

அடுத்தது முழிக்கிற விவகாரம்.

"முழிக்கக் கூடாதுன்னா தூங்கணும்," என்றான் சடகோபன்.

"தூங்கினா பதில் எப்படிடா சொல்றது?" என்றான் பூவலிங்கம்.

"தூக்கத்துல உளர்றவங்க எத்தனை பேர் இருக்காங்க? வாய்மொழித் தேர்வுதானே, வாய் போதும். கண்ணு எதுக்கு?"

பூவலிங்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை ஒரு சட்டி பழைய சோற்றில் தயிரைக் கொட்டி அவனுக்குப் புகட்டினார்கள். கயிற்றுக்கட்டிலில் கிடத்தி, அவன் சேர்த்த தாலாட்டுகளையே பாடினார்கள். பாடிய அய்யாக்கண்ணு முதலில் தூங்கிவிட்டான். அவனை உலுக்கி எழுப்பித் திரும்பப் பாடவிட்டதில் பூவலிங்கமும் கண்ணயர்ந்தான். அப்படியே கட்டிலோடு தூக்கிப்போய்த் தேர்வு அறையில் இறக்கினார்கள். தில்லைநாயகி அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியூர்ப் பேராசிரியர் பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தார், நகம் உடைந்தது. கத்திரிக்கோல் கேட்டார். கிழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் தருவதாகத் தோழர்கள் சொன்னார்கள். போனால் போகிறதென்று அவர் பொதுவாக ஒன்று கேட்டார். "தம்பி, தாலாட்டால என்ன பயன்?"

பூவலிங்கம் குறட்டை விட்டான். நல்ல முழுசான குறட்டை.

அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"இதுக்குப் பக்கம் பக்கமாப் பேசினவங்களைப் பார்த்திருக்கேன். செஞ்சு காட்டினவன் இவன் ஒருத்தன்தான்," என்று தேர்ச்சி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். துறைக்காரர்கள் வழக்கப்படி மாலை கொண்டுவந்து, படுத்திருந்தவன் கழுத்திலேயே சாத்தினார்கள்.

தோழர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல சேதியைச் சுடச்சுடச் சொல்ல வேண்டாமா? கட்டிலைத் தூக்கிக்கொண்டு மகிழ்மலர் வீட்டுக்கு ஓடினார்கள். அவனை எழுப்ப மட்டும் துணியவில்லை. முழிக்காதே என்று சொன்ன அம்மா, எதுவரைக்கும் என்று சொல்லவில்லையே.

கட்டிலையும் மாலையையும் பார்த்த மகிழ்மலரின் அப்பா வாசலிலேயே நெஞ்சில் கைவைத்துச் சரிந்தார். உள்ளேயிருந்து ஓடிவந்த மகிழ்மலர் ஓவென்று அழுதாள்.

சடகோபனுக்கு மனசு கேட்கவில்லை. அவர் தோளைத் தடவிக்கொடுத்தான்.

"கலங்காதீங்க மாமா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உங்க மாப்பிள்ளை இனிமே முழிக்கவே மாட்டார்."