பதினோராவது பெயர்

அந்தப் பத்திரிகையில் அப்போது யாருக்கு எப்போது வேலைநீக்க ஓலை வரும் என்று யாருக்குமே தெரியாது. திங்கள்கிழமை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக் கொடுத்தவர் புதன்கிழமை வரமாட்டார். அட, தன் தலை தப்பினது தம்பிரான் புண்ணியம் என்று மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

தலைமை நிருபர் சேதுபதிக்கு அன்று அதைவிடப் பெரிய கண்டம். செய்திப் பிரிவிலிருந்து ஒருவரைக் குறைக்க வேண்டும், நாலு மணிக்குள் பெயர் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது.

மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஒரு தாளில் ஒரு பெயரை எழுதி எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியர் திலகவதியிடம் போனார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"யாரு பேரு எழுதியிருக்கே?"

"ஜபருல்லா பாய், அக்கா."

"ஏன்?"

"நல்ல மனுசன்தான். ஆனா இத்தனை வருசத்துல அவர் பேர்ல ஒரு செய்தி வந்ததில்லை. நாள் பூரா போனும் கையுமா இருக்கார். அவர் போனா வாசகனுக்கு என்ன தெரியப்போகுது?"

அதில் பொய்யில்லை. மற்றவர்கள் எழுதும் செய்தியைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. சாவுச் செய்தி வந்தால் போதும், செத்தவர் வீட்டுக்குப் போன் போட்டு உறுதி செய்யாமல் ஜபருல்லா அந்தப் பெயரை அச்சுக்கு விடமாட்டார். 'இழவு போன்' என்று ஆபீஸே அவரைக் கேலி பண்ணும். சேதுவும் பண்ணியிருக்கிறார்.

திலகவதி பீரோவைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்தாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த பஸ் விபத்து. சேதுவுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த செய்தி. அவரே கைப்பட எழுதிப் பேக்ஸில் அனுப்பியது.

"படிப்பா."

இறந்தவர்கள் பதினொரு பேர் என்று எழுதியிருந்தார். பதினோராவது பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஜபருல்லாவின் குண்டு எழுத்து: 'வீட்டுக்குப் பேசினேன். அவரே எடுத்தார்.'

சேதுவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சீட்டுல பை இருந்துச்சேக்கா. ரேஷன் கார்டு இருந்துச்சு..."

"அந்த ஆள் டீ குடிக்க முந்தின ஊர்ல இறங்கியிருக்கான். பை மட்டும் பயணம் போயிருக்கு. அவன் சம்சாரத்துக்கு அப்ப எட்டு மாசம்."

"பேப்பர்ல பத்துன்னுதான் வந்துச்சா?"

"நீ பார்க்கலையா?"

சேது பார்த்தது அன்றைக்குத் தன் பெயரை மட்டும்தான். அதை எப்படிச் சொல்வது? மனுஷன் கூனிக் குறுகிப்போனார்.

"அப்பவே ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லத்தான் கிளம்பினேன். பாய் விடலை. பய இப்பத்தான் பேர் வாங்கியிருக்கான், சங்கடப்படுவான், விடுங்கன்னார்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜபருல்லா போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். துக்க வீட்டோடு பேசும்போது அவர் உட்கார்ந்து பேசமாட்டார்.

சேதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் அந்த ஆளை இழவு போன் என்று கூப்பிட்டிருக்கிறோம் என்று நெஞ்சு எரிந்தது.

மணி மூன்றே முக்கால்.

"அக்கா, ஏதாவது ஒரு பேர் குடுத்தே ஆகணும்ங்கிறாங்க. குடுக்கலைன்னா என்னைத் தூக்கிருவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

திலகவதி அவர் கொண்டுவந்த தாளை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அன்னைக்கும் உசுரோட இருக்கிற மனுசன் பேரைத்தான் எழுதிக் குடுத்தே சேது. அதைச் சிவப்பு மையில அடிக்கிறதுக்குப் பாய் இருந்தார்."