கேப்டனின் இடது கை

"கையில விமானமே தெரியல, மேடம்."

கேப்டன் தனுஷ்கோடி இதைச் சொன்னபோது குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. குருவின் பெயர் ஷமீமா. பெரிய ஜெட் விமானத்துக்கு மாறி வரும் விமானிகளைப் பழக்குவது அவர் வேலை. பழக்கும் இடம் சிமுலேட்டர். வெளியே பார்த்தால் இரும்புக் கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் அசல் விமானியறை, அசல் குலுக்கல். ஜன்னலில் மட்டும் பொய் வானம்.

தேர்வில் கேப்டன் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். நாளை மூன்றாவது முறை. அதிலும் தோற்றால் பெரிய விமானம் அவருக்குக் கிடையாது. ஆபீஸில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிடுவார்கள். பாதி ஆயுளை மேகத்துக்கு மேலே கழித்த மனிதருக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

"பழைய விமானத்துல என்ன சார் தெரிஞ்சுது?"

"எல்லாம் தெரியும். கையில பிடிக்கிற வீலை இழுத்தா, கம்பி வழியா வால் வரைக்கும் போகும். காத்து வால்ல மோதினா, அதே கம்பி வழியா என் உள்ளங்கைக்கு வந்துரும். இங்க என்ன இருக்கு? ஓரமா ஒரு சின்னக் குச்சி. அதுல இருந்து போறது வெறும் கரண்ட். நடுவுல கம்ப்யூட்டருங்க உக்காந்து, இறக்கையை எவ்வளவு அசைக்கலாம்னு அதுங்களே முடிவு பண்ணுது."

"அதுல ஒண்ணு தப்பாச் சொன்னா?"

"மத்ததெல்லாம் சேர்ந்து அதை ஒதுக்கி வெச்சிரும். பாடமெல்லாம் தலைகீழாத் தெரியும், மேடம். கைக்குத்தான் ஏற மாட்டேங்குது."

"சரி, ஓட்டுங்க."

ஷமீமா வலப்பக்க இருக்கையில் சாய்ந்துகொண்டார். தனுஷ்கோடி இடது கையால் குச்சியைப் பிடித்து இறங்கத் தொடங்கினார்.

காற்று இடது இறக்கையைத் தாழ்த்தியது. அவர் திருத்தினார். கம்ப்யூட்டரும் திருத்தியது. இரண்டும் சேர்ந்து இறக்கை அளவுக்கு மேல் எழும்பியது. அதையும் அவர் திருத்தினார். ஜன்னலில் ரன்வே ஊஞ்சலாடியது.

"போதும் சார், மேலே ஏறிடுங்க," என்றார் ஷமீமா.

மறுபடியும் இறங்கினார். மறுபடியும் ஊஞ்சல்.

"உங்க கட்டைவிரல் எதை சார் தேடுது?"

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். அவருடைய கட்டைவிரல் குச்சியின் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய விமானத்தில் அந்த இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் அதை அழுத்திக் கையின் பாரத்தைக் குறைக்க வேண்டும். இங்கே பாரமும் இல்லை, அந்தப் பொத்தானும் இல்லை. விரலுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"கடல் பக்கமா சுத்தி வாங்க சார்."

சுற்றி வந்தார். ரன்வேயை நோக்கி விமானத்தை இடப்பக்கம் சாய்த்தார். பாதி திருப்பத்தில் ஷமீமா கைப்பையைத் திறந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். சிமுலேட்டருக்குள் தின்பண்டம் கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவரே அவர்தான்.

"இதைக் கொஞ்சம் உரிச்சுக் குடுங்க சார்."

"இப்பவா?"

"பசிக்குது."

"குச்சியை நீங்க பிடிச்சுக்கிறீங்களா?"

"மாட்டேன்."

"ஆட்டோபைலட்?"

"போடல."

குரு கேட்டுவிட்டார். தனுஷ்கோடி குச்சியை விட்டார். இரண்டு கையாலும் ஆரஞ்சை வாங்கினார். உரிக்க ஆரம்பித்தார்.

ஷமீமா ஒரு குமிழைத் திருப்பிக் காற்றைக் கூட்டினார்.

இறக்கை தாழ்ந்தது, தானே எழுந்தது. விமானத்தின் மூக்கு துள்ளியது, தானே அடங்கியது. யாரும் தொடாத குச்சி நட்டநடுவில் சும்மா நின்றது. கடைசியாக அவர் எந்தச் சாய்வில் விட்டாரோ, அதே சாய்வில் விமானம் போய்க்கொண்டிருந்தது. அவர் கையில் அது ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காகப் பறந்ததில்லை.

முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு வலித்தது.

"அப்ப நான் எதுக்கு, மேடம்?"

ஷமீமா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல இனிப்பு. நீங்களும் எடுத்துக்கங்க சார்."

இருவரும் சாப்பிட்டார்கள். நிஜமாகவே இனிப்பாக இருந்தது. வெகு நாட்களுக்குப் பிறகு விமானியறையில் அவர் தோள்கள் தளர்ந்தன. கடைசிச் சுளையை விழுங்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

கடல். கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. விமானம் அதே சாய்வில், கொஞ்சமும் பிசகாமல் திரும்பிக்கொண்டே இருந்தது.

"ஐயையோ! ரன்வே எங்க?"

ஷமீமா கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"விமானத்துக்கு எப்படி சார் தெரியும்?"

தனுஷ்கோடி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

குச்சியைத் தொட்டு ஒருமுறை வலப்பக்கம் சாய்த்தார். விட்டார். காத்திருந்தார்.

மறுநாள் தேர்வாளராக வந்தவர் வேதநாயகம் என்ற பெரிய கேப்டன். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பின்னிருக்கையில் உட்கார்ந்து, இருக்கிற காற்றையெல்லாம் திறந்துவிட்டார். விமானம் குலுங்கியது, நிமிர்ந்தது, மறுபடி குலுங்கியது. தனுஷ்கோடி திருப்பத்தில் ஒருமுறை சாய்த்தார், முடிவில் ஒருமுறை நேராக்கினார், தரை நெருங்கியதும் மெல்லப் பின்னால் இழுத்தார். சக்கரம் நடுக்கோட்டில் உட்கார்ந்தது.

"பாஸ்," என்றார் வேதநாயகம்.

தனுஷ்கோடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்.

தேர்வாளர் கதவுவரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும் கேப்டன். அந்தக் காத்துல எல்லாரும் குச்சியோட மல்லுக்கட்டுவாங்க. உங்க கை அசையவே இல்லையே?"

"எங்க போகணும்னு சொல்லிட்டேன் சார். அதுக்கு மேல என்ன பேச்சு?"