குகன் கேட்காத வசனம்

திருச்சி பாலக்கரையில் ஒரு பேக்கரியின் மாடியில் ரெஹானா, ஜப்பானியப் படக்கதையான மங்கா வரையக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் படிக்க வந்த அமலதாஸுக்கு நாற்பத்தாறு.

அமலதாஸ் முன்பு ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்தார். கூட்டாளி குணசீலன், இருபது வருடச் சிநேகிதன். புது மெஷின் வாங்க இருவரும் பதினோரு லட்சம் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் காலை அந்தப் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு குணசீலன் போய்விட்டான். திண்டுக்கல்லில் தனிக்கடை போட்டுவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது.

அமலதாஸ் போலீசுக்குப் போகவில்லை. மங்கா வரைய வந்தார். ரெஹானாவிடம் மட்டும் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார்.

வந்த ஆறு மாதத்தில் வகுப்பே அவர் பக்கங்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. கதை இதுதான். மாறன், குகன், சிபி என்று மூன்று நண்பர்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவர்களை அடைத்துவிடுகிறார்கள். நடுவில் மேஜை நிறையப் பணம். ஆளுக்கு ஒரு பொத்தான், ஒரு புட்டித் தண்ணீர். ஒரு நாள் முழுக்க யாருமே அழுத்தாவிட்டால் மூவரும் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டு வெளியேறலாம். யாராவது அழுத்தினால் பணம் முழுவதும் அவனுக்கு. கதவும் அவனுக்கு மட்டுமே திறக்கும்.

"யாருண்ணே அழுத்தப் போறது? சொல்லுங்கண்ணே!" என்று நித்திலா ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவாள். அவள் கல்லூரி மாணவி.

"பாரு, பாரு" என்பார் அமலதாஸ். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

ஓர் இணைய இதழ் கதையை வாங்கிக்கொண்டது. கடைசி அத்தியாயத்தை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அமலதாஸ் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார்.

"டீச்சர், எட்டுப் பக்கம் முடிச்சிட்டேன். ஒரே ஒரு கட்டம் பாக்கி."

எல்லோரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கங்கள் கைமாறின. யாரோ மூச்சை இழுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் குகனின் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"குகனா!" என்று நித்திலா கத்தினாள். "பாவி!"

குகனுடைய முகம் இருக்கவேண்டிய இடம் அழித்து அழித்துக் கறுத்துப்போயிருந்தது.

"இதுதான் வரல டீச்சர்" என்றார் அமலதாஸ். "பல்லைக் கடிச்ச மாதிரி வரைஞ்சேன். சிரிக்கிற மாதிரி வரைஞ்சேன். எப்படி வரைஞ்சாலும் சினிமா வில்லன் மாதிரியே இருக்கு. கூட இருந்தவனுக்குத் துரோகம் பண்றவன் முகம் எப்படி இருக்கும்?"

ரெஹானா எட்டுப் பக்கங்களையும் மெதுவாகப் பார்த்தார்.

"குகன் எங்கே உக்காந்திருக்கான்?"

"கதவு பக்கம்."

"இந்த எட்டுப் பக்கத்துல ஒரு தடவைகூட நீங்க அங்க உக்காந்து பாக்கலையே அண்ணே. எல்லாக் கட்டமும் மாறன் பக்கத்துலேர்ந்துதான் இருக்கு."

"மாறன்தானே ஹீரோ?"

"இதே எட்டுப் பக்கத்தைக் குகன் கண்ணாலே வரைங்க. பென்சில்ல போதும். எதையும் மாத்தாதீங்க."

"டீச்சர், ஆறு மணிக்கு அனுப்பணும்!"

"இப்ப பத்தேகால்தான் ஆகுது."

அமலதாஸ் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதல் பக்கம் சலிப்பாகத்தான் போனது. இரண்டாவது பக்கத்தில் கை வேகம் பிடித்தது. குகன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அறையே வேறு மாதிரி இருந்தது. பணக்கட்டுகள் மாறன் முகத்தில் பாதியை மறைத்தன. சிபியின் கைகள் மேஜைக்கு மேலே இல்லை.

"டேய், இது பயங்கரமா இருக்கே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் போனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவர் பென்சில் சீவிக் கொடுத்தார். நித்திலா கீழே போய்ப் பப்ஸ் வாங்கிவந்தாள். அமலதாஸ் பார்க்கக்கூட இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி.

நாலரை மணிக்கு ஐந்தாவது பக்கம் வந்தது. மாறனும் சிபியும் அறை மூலைக்குப் போய்க் கிசுகிசுக்கும் காட்சி. மாறன் சொல்லும் வசனத்தை அமலதாஸ் அவன் வாயருகே வரைந்த பேச்சு பலூனுக்குள் எழுதினார்: 'குகனுக்குக் காய்ச்சல். நம்ம பங்குத் தண்ணியையும் அவனுக்குக் கொடுத்துடலாம்.'

ரெஹானா குனிந்து பார்த்தார். ரப்பரை எடுத்தார். பலூனுக்குள் இருந்ததை முழுவதும் அழித்தார்.

"டீச்சர்!"

"குகன் உக்காந்திருக்கிற இடத்துக்கு அது கேக்குமா?"

"கேக்காது" என்றார் அமலதாஸ்.

"அப்ப அவனுக்கு அது வெறும் பலூன்தானே."

நித்திலா தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தாள். இரண்டு நண்பர்கள் மூலையில் தலைகளைச் சேர்த்து நிற்கிறார்கள். ஒருவன் ஓரக்கண்ணால் இந்தப் பக்கம் பார்க்கிறான். வாயருகே எழுத்தே இல்லாத வெள்ளை.

"ஐயய்யோ! இவங்க ரெண்டு பேரும் என்னமோ பண்றாங்க. குகா, சீக்கிரம் அழுத்துடா!" என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. அமலதாஸ் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"உண்மையிலே அன்னிக்கு என்ன சொன்னீங்க அண்ணே?" என்று ரெஹானா கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"எந்த அன்னிக்கு?"

"உங்க கூட்டாளி போறதுக்கு முந்தி."

அமலதாஸ் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "என் மச்சான் ஆரோக்கியம் கடைக்கு வந்திருந்தான். குணா பரோட்டா வாங்கப் போயிருந்தான். 'புது மெஷினை உன் பேர்ல எடுத்துடலாம், குணாவுக்கு இப்ப தெரிய வேணாம்'னு மச்சான்கிட்ட சொன்னேன். திரும்பிப் பார்த்தா வாசல்ல குணா நிக்கிறான். நாங்க பேச்சை நிறுத்திட்டோம்."

"அவருக்குக் கேட்டுச்சா?"

"தெரியல. எங்ககிட்ட அதைப் பத்தி எதுவும் கேக்கல. மூணு பொட்டலத்தையும் பிரிச்சு வச்சான். எனக்குச் சால்னா கூட வேணுமான்னு கேட்டான். மறுநாள் காலையில ஆளைக் காணோம்."

கீழே பேக்கரியில் தட்டு விழும் சத்தம் கேட்டது.

"அப்ப அவன் பணத்தை எடுத்தது சரின்னு சொல்றீங்களா டீச்சர்?" அமலதாஸின் குரல் உயர்ந்தது. "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. கடை போச்சு. ஒரு வருஷம் நாய் படாத பாடு பட்டேன்!"

"இல்லண்ணே. பணத்தை எடுத்தது அவர்தான். விரலை நல்லாவே வரைஞ்சிருக்கீங்க."

"பின்னே?"

"மணி அஞ்சாகப் போகுது" என்றார் ரெஹானா.

அமலதாஸ் ஒரு கணம் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு முதலில் வரைந்த பக்கங்களைத் தன் பக்கம் இழுத்தார். மூலையில் கிசுகிசுக்கும் கட்டத்தைத் தேடி எடுத்தார். காய்ச்சல், தண்ணீர், எல்லாவற்றின் மேலும் வெள்ளை மை பூசினார். அது காயும்வரை ஊதினார். பிறகு எழுதினார்: 'நான் அழுத்துறேன். வெளியே போனதும் உன்னையும் மீட்டுப் பாதி தர்றேன். குகனுக்குத் தெரிய வேணாம்.'

அதன்பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசிப் பக்கத்தின் கறுத்த இடத்தில் புதுத் தாளை வெட்டி ஒட்டினார். பென்சிலில் எதையும் போட்டுப் பார்க்காமல் நேராகப் பேனாவால் இறங்கினார். புருவம், கண், வாய். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குகன் பல்லைக் கடிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கண் கலங்கி நின்றான். மாறனைப் பார்த்தபடியே அழுத்தினான்.

"அண்ணே, மணி அஞ்சே முக்கால்!"

"ஸ்கேன் போடு, ஸ்கேன் போடு!"

மூன்று பேர் ஓடினார்கள். நித்திலா ஒவ்வொரு பக்கமாக ஏற்றினாள். ஆறாவது பக்கத்தில் இணையம் நின்றுபோனது. ஒருவர் தன் கைபேசியைக் கொடுத்தார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எட்டாவது பக்கமும் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நித்திலா இடத்திலேயே குதித்தாள்.

அமலதாஸ் சிரித்தார். பிறகு அந்தப் பக்கங்களை எடுத்து, வேறு யாரோ வரைந்ததைப் படிப்பதுபோல் முதலிலிருந்து படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வடிந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"இதுல நான் நல்லவனாவே தெரியலையே."

"ஆமா" என்றார் ரெஹானா. "குகனும் வில்லனாத் தெரியல. இப்பதான் நீங்க ரெண்டு பேரும் சிநேகிதங்கன்னே நம்ப முடியுது."